பலகையில் தமிழ் இருக்கிறது. வாசிக்க நாம் இருக்கிறோமா?

பாரம்பரியச் சுற்றுலா என்றதும் நம் பல்கலைக்கழகத் தமிழ்க் கழகங்களுக்கு இரண்டு மூன்று இடங்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. ஓராண்டு பூஜாங் பள்ளத்தாக்கு, மறு ஆண்டு பினாங்குத் தண்ணீர்மலை, இடையில் பத்துமலை. பழைய ஆண்டிதழ்களைப் புரட்டினாலும் பெரும்பாலும் இவ்விடங்களின் படங்களே கண்ணில் படும். சண்டியின் கற்களுக்கு முன்னால் பதாகை பிடித்தபடி முப்பது பேர், அல்லது கோபுரத்தின் கீழே வரிசையாக முப்பது பேர்.

இதைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. முதலாம் இராஜேந்திர சோழன் 1025ஆம் ஆண்டு கடாரத்தின் மீது படையெடுத்த செய்தியைத் தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போது நெஞ்சு நிமிராத மாணவர் யார்? பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்காலச் சண்டி ஒன்று நில மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்ட செய்தி 2013இல் வெளிவந்தபோது நம்மவர்கள் எழுப்பிய குரலும் நியாயமானதே. ஆனால் ஒரு கேள்வி. மன்னன் படையெடுத்த இடமும் கோபுரம் எழுந்த இடமும் மட்டும்தான் நம் பாரம்பரியமா? மன்னனும் இல்லாத, கோபுரத்தாலும் பெயர் பெறாத ஒரு சிறிய கடலோர ஊரில் நமக்கு உரியது ஒன்றும் இருக்காதா?

இருக்கிறது என்பதே என் கருத்து. அதற்குச் சான்றாக நான் காட்ட விரும்பும் ஊர் கோலா செபெத்தாங்.

பேராக் மாநிலத்தில், தைப்பிங் நகரிலிருந்து மேற்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவில், ஆறு கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகே அமைந்துள்ள மீனவர் ஊர் அது. ஆற்றின் மேல் கால் ஊன்றி நிற்கும் பலகை வீடுகள், வாசலிலேயே கட்டிக் கிடக்கும் படகுகள், வெயிலில் காயும் வலைகள், காற்றில் எப்போதும் கலந்திருக்கும் மீன் வாடை. ஊரை அரைமணி நேரத்தில் நடந்தே சுற்றிவிடலாம். ஊர்மக்களில் பெரும்பாலோர் சீனர்கள். மீன், இறால், கெராங் சிப்பி ஆகியவைதாம் அவர்களின் பிழைப்பு. மாலையில் படகேறினால் செம்பருந்துகள் தாழப் பறந்து இரை கவ்வுவதைப் பார்க்கலாம். இருட்டிய பிறகு கரையோர மரங்களில் மின்மினிகள் விட்டு விட்டு ஒளிர்வதைப் பார்க்கலாம். வார இறுதியில் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் சுற்றுப்பயணிகள் வருவது இவற்றுக்காகத்தான்.

இவ்வூரைச் சுற்றியிருப்பது மாத்தாங் சதுப்புநிலக் காடு. ஏறக்குறைய 40,000 ஹெக்டர் பரப்பளவு கொண்ட இந்தக் காடு 1902 முதல் முறையாகப் பராமரிக்கப்பட்டு வருகிறது. ‘பாக்காவ்’ என்று நாம் சொல்லும் கண்டல் மரங்களை வெட்டிக் கரியாக்குவது இங்குள்ள பழைய தொழில். ஒரு பகுதியில் மரம் வெட்டினால், அதே பகுதியில் மீண்டும் வெட்டுவதற்கு முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பது இக்காட்டின் ஒழுங்கு. வெட்டிய மரங்களைப் பட்டை உரித்து, செங்கல்லும் களிமண்ணும் கொண்டு கட்டிய கவிழ்த்த சட்டி போன்ற சூளைக்குள் நெருக்கமாக நிறுத்தி வைக்கிறார்கள். பிறகு வாயில் தீ மூட்டி, வாரக் கணக்கில் சூடேற்றுகிறார்கள். உள்ளே மரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சூளைக்காரர் வெளியே வரும் புகையின் மணத்தை வைத்தே சொல்லிவிடுவார். அந்த அறிவு எந்த நூலிலிருந்தும் வந்ததன்று. தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்தது.

இவ்வளவு சிறிய ஊருக்கு நம் நாட்டு வரலாற்றில் ஒரு பெரிய இடம் உண்டு. நாம் படித்த வரலாற்றுப் பாடத்தில் இந்த ஊர் வந்திருக்கிறது, வேறு பெயரில். போர்ட் வெல்ட்! மலாயாவின் முதல் இரயில் பாதை தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் திறக்கப்பட்டது. தேர்வுக்காக நாம் எல்லாரும் மனப்பாடம் செய்த வரி இது. தேர்வுத் தாளில் ஒரு புள்ளி பெற்றுத் தந்துவிட்டு, அன்றோடு நம் நினைவிலிருந்து இறங்கிப் போன வரி.

அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். தைப்பிங் வட்டாரத்துக்கு அந்நாளில் லாருட் என்று பெயர். அங்கே ஈயம் வெட்ட வந்த சீனக் குழுக்கள் 1861 முதல் தமக்குள் மோதிக்கொண்டன. 1874ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கைக்குப் பிறகு ஆங்கிலேயர் பேராக்கில் காலூன்றினர். சண்டை ஓய்ந்த ஊருக்கு நிலையான அமைதி என்று பொருள்படும் தைப்பிங் என்ற சீனப் பெயர் வந்தது. லம்பத்தில் எடுத்த ஈயத்தை யானைமீதும் மாட்டு வண்டியிலும் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோவது பெரும்பாடாக இருந்தது. அதற்காகவே ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நீளத்திற்கு இரயில் பாதை போடப்பட்டது. ஈயம் கப்பலேறும் முனையில் ஒரு துறைமுகம் எழுந்தது. அன்றைய நீரிணைக் குடியேற்ற ஆளுநர் பிரெடரிக் வெல்டின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

போகும் வழியில் மாத்தாங்கில் ஙா இப்ராகிமின் கோட்டை இருக்கிறது. இன்று அது அரும்பொருளகம். பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பர்ச் 1875இல் கொல்லப்பட்ட வழக்கில் டத்தோ மகாராஜாலேலா விசாரிக்கப்பட்ட இடம் அது. மலாய்க்காரர் கோட்டை, சீனர் லம்பம், ஆங்கிலேயர் துறைமுகம் என்று அந்தப் 16 கிலோமீட்டர்ச் சாலையில் நாட்டின் வரலாறே அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

இதில் நாம் எங்கே? பாதையைப் போட்டவர்கள் யார் என்று கேட்டால் பதில் கிடைக்கும். பேராக்கில் ஹியூ லோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில், இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட ‘சிலோன் பயனியர்’ படைப்பிரிவினர்தாம் இந்தப் பாதையை அமைத்தார்கள். சேற்றிலும் கொசுக்கடியிலும் மண் கொட்டி, கட்டை போட்டு, இரும்பு பதித்தவர்கள் கடல் கடந்து வந்தவர்கள். அதன் பிறகு மலாயா முழுவதும் இரயில் பாதை நீண்டபோது, அதை நீட்டியவர்களிலும் பராமரித்தவர்களிலும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் ஏராளம். நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் அமர்ந்தவர்களில் யாழ்ப்பாணத் தமிழர்கள் மிகப் பலர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் தமிழர் வாழும் பகுதியானதே இரயில்வேத் தொழிலாளர் குடியிருப்புகளால்தான். ஆயினும் என் பாடநூலில் திறப்பு விழா நாள் இருந்தது, இரயில் ஏற்றிச் சென்ற பொருள் இருந்தது. மண் சுமந்தவன் இல்லை.

இன்று கோலா செபெத்தாங்கில் தண்டவாளம் இல்லை, இரயிலும் இல்லை. கடைத்தெருவின் நடுவே இரண்டு அடையாளங்கள் எஞ்சியிருக்கின்றன. ஒன்று, பழைய பயணச்சீட்டு முகப்பு. மற்றொன்று, நிலையத்தின் பெயர்ப் பலகை. ‘போர்ட் வெல்ட்’ என்ற பெயர் அந்தப் பலகையில் நான்கு எழுத்துகளில் எழுதப்பட்டிருக்கிறது: ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ்.

ஆம், தமிழ்! பெரும்பாலும் சீனர்கள் வாழும் ஒரு மீனவர் ஊரின் கடைத்தெருவில், மாநகரங்களில்கூட நாம் தேடி அலுத்துப்போகும் தமிழ் எழுத்து இயல்பாக நின்றுகொண்டிருக்கிறது.

சென்ற பருவ விடுமுறையில் நண்பர்கள் நால்வராக அங்கே போயிருந்தோம். எங்களில் இருவர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். மற்ற இருவர் முதலாம் ஆண்டு முதலே தேசியப்பள்ளியில் படித்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், தமிழ்ப் பாட்டுக் கேட்பார்கள், எழுத்து மட்டும் தெரியாது. எங்களுக்கு முன்னால் ஒரு சுற்றுலாக் குழு பலகையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தது. வழிகாட்டி மலாயில் விளக்கினார்: முதல் இரயில் பாதை, ஈயம், வெல்ட் ஆளுநர், அடுத்து நாம் கரிச்சூளைக்குப் போகிறோம். நான்கு மொழிகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

குழு போன பிறகு பக்கத்துக் கடையின் சீனப் பெரியவர் எங்களைப் பார்த்து, பலகையின் தமிழ் வரியைச் சுட்டிக்காட்டி, “இத்து, போலே பாச்சா கா?” என்று கேட்டார். அதை உங்களால் படிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. கேட்டது எங்கள் நால்வரையும். நானும் இன்னொரு தோழியும் வாசித்துக் காட்டினோம். அவர் அதைத் தம் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்துச் சிரித்தார். தாம் சிறுவனாக இருந்த காலம் தொட்டு அந்தப் பலகையைப் பார்த்து வருவதாகவும், இந்தியர்கள் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், யாரும் இதுவரை படித்துக் காட்டியதில்லை என்றும் சொன்னார். மற்ற இரு நண்பர்களில் ஒருவர் தம் கைத்தொலைபேசியில் அந்த வரியை மட்டும் பெரிதாக்கிப் படம் எடுத்துக்கொண்டு, “முதல் எழுத்து எது? எங்கிருந்து எங்கே வரை ஒரு எழுத்து?” என்று என்னிடம் கேட்டார். இருபத்திரண்டு வயதில் ஒரு தமிழர் தம் மொழியின் முதல் எழுத்தைக் கற்கத் தொடங்கிய இடம் ஓர் இரயில் பலகை.

இங்குதான் என் கருத்தைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பலகையில் தமிழ் எப்படி வந்தது? ஆங்கிலேயருக்குத் தமிழ்மீது இருந்த காதலாலா? இல்லை. நம்மவர் யாரும் உரிமைப் போராட்டம் நடத்தியதாலா? அதுவும் இல்லை. அந்தப் பாதையில் வேலை செய்தவர்களிலும் பயணம் செய்தவர்களிலும் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் சரியான நிலையத்தில் இறங்க வேண்டும். அதற்காக எழுதினார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒரு சாதாரணத் தொழிலாளிதான் அந்தப் பலகையில் தமிழுக்கு இடம் வாங்கித் தந்தவர். ஒரு மொழி பொது இடத்தில் நிற்பதற்கு அடிப்படைக் காரணம், அதை வாசிக்க ஆள் இருப்பதுதான். வாசிக்கும் ஆள் இல்லாதபோது எழுத்து நிற்கலாம். ஆனால் அது கோலமாகத்தான் நிற்கும்.

இதை நான் நண்பர்களிடம் பேசும்போது இரண்டு மறுப்புகள் எழுந்தன. இரண்டும் நம் கழகங்களில் அடிக்கடி கேட்கும் குரல்கள்தாம்.

முதலாவது: “எதற்கு மறுபடியும் கூலிக் கதை? கடாரத்தைச் சொன்னால் நமக்குப் பெருமை. தண்டவாளம் போட்டதைச் சொன்னால் மற்றவர்கள் நம்மை ஏளனமாகத்தானே பார்ப்பார்கள்?” இந்தக் கேள்விக்குள் இருக்கும் வலி எனக்குப் புரிகிறது. என் பாட்டி பாகான் செராய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ‘தோட்டத்து ஆள்’ என்ற சொல்லை மற்றவர்கள் எந்தத் தொனியில் சொல்வார்கள் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். மன்னன் அனுப்பிய படை திரும்பிப் போய்விட்டது. மண் சுமக்க வந்தவர்களில் பலர் திரும்பவில்லை. இங்கேயே உழைத்து, இங்கேயே பிள்ளை பெற்று, இங்கேயே மண்ணானார்கள். இங்குள்ள நம்மில் பெரும்பாலோர் அந்த உழைப்பாளிகளின் பேரப்பிள்ளைகள். மேலும், பல இன மக்கள் வாழும் இந்நாட்டில், ‘எங்கள் மன்னன் உங்கள் நாட்டை வென்றான்’ என்பது நமக்கு என்ன உறவைப் பெற்றுத் தரும்? ‘உங்களோடு சேர்ந்து இந்த நாட்டின் முதல் பாதைகளை நாங்களும் போட்டோம்’ என்பதல்லவா உறுதியான உறவு? நான்கு மொழிகள் சமமாக நிற்கும் அந்தப் பலகை சொல்வதும் அதைத்தான். வெட்கப்பட வேண்டியது உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லர்.

இரண்டாவது மறுப்பு: “பாடநூலில் நம்மைச் சேர்க்கவில்லை, வழிகாட்டி நம்மைச் சொல்லவில்லை. நம் வரலாற்றை மறைக்கிறார்கள்.” இதில் பாதி உண்மை உண்டு. முதல் இரயில் பாதையைப் பற்றி எழுதும் பாடநூல், அதை அமைத்தவர்களுக்கு இன்னும் ஒரு வரி ஒதுக்கலாம். ஒதுக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. மீதிப் பாதியை நாம் பார்க்க வேண்டும். கரிச்சூளையின் கதையை வழிகாட்டிகள் விரிவாகச் சொல்கிறார்கள். ஏன்? சூளைக்காரர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். வருகிறவர்களிடம் தம் தொழிலைத் தம் வாயால் சொல்கிறார்கள். நம் கதையைச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? பாதை போனது, வேலை போனது, ஆட்களும் வேறு ஊர்களுக்குப் போனார்கள். அங்கே இல்லாதவர்களின் கதையை யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு. எழுத வேண்டியது யார்? அந்த மொழியைப் பட்டப்படிப்பு வரை கொண்டுவந்திருக்கும் நாம் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்?

எழுத்துக்கு அந்த வலிமை உண்டு என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. ஜப்பானியர் காலத்தில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போடப்பட்ட மரண இரயில் பாதையில் மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். அந்தத் துயரத்தை ‘சயாம் மரண இரயில்’ என்ற நாவலாக நம் எழுத்தாளர் ஆர். சண்முகம் எழுதினார். அது அச்சில் இருப்பதால்தான் என் வயதுடைய ஒருவர் நூலகத்தில் அதை எடுத்துப் படிக்க முடிகிறது. அமைதிக் காலத்தில், அன்றாடம், ஆண்டுக்கணக்கில் தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்து நடந்தவர்களின் வாழ்க்கையும் அப்படிப் பதிவாக வேண்டாமா?

ஆகவே நம் கழகத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலில், அடுத்த ஆண்டின் பாரம்பரியச் சுற்றுலா தைப்பிங்கில் தொடங்கி, மாத்தாங் கோட்டை வழியாகக் கோலா செபெத்தாங்கில் முடியட்டும். படகுப் பயணமும் இறால் மீயும் உண்டு என்பதால் யாரும் வர மறுக்கமாட்டார்கள். தமிழ் எழுத்து தெரியாத நம் நண்பர்களையும் கட்டாயம் அழைத்து வருவோம். எழுத்துக் கற்பிக்க வகுப்பறையைவிட நல்ல இடம் அது.

இரண்டாவதாக, கழக உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்திலோ வட்டாரத்திலோ இரயில்வேயில், பொதுப்பணித்துறையில், தோட்டத்தில் வேலை செய்த ஒரு மூத்தவரைச் சந்தித்து அவர் பேச்சை ஒலிப்பதிவு செய்யட்டும். ஒரு மணி நேரம் போதும். கையில் தொலைபேசி இல்லாத மாணவர் இன்று யாரும் இல்லை. அதில் பதினைந்து நிமிடத்தைத் தமிழில் எழுதட்டும். மலாயில் ஒரு சுருக்கமும் எழுதட்டும். தமிழில் எழுதினால் நம் பிள்ளைகள் படிப்பார்கள். மலாயில் எழுதினால் அந்தச் சுற்றுலா வழிகாட்டியும் படிப்பார். நாளை பாடநூல் எழுதப்போகும் நம் சக மாணவரும் படிப்பார். தமிழ்ப்பள்ளியில் தொடங்கித் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற என்னைப் போன்றவர்களுக்கு இரண்டு மொழியும் கைவசம் இருக்கின்றன. அதைப் பயன்படுத்த இதைவிட நல்ல வேலை வேறில்லை.

மூன்றாவதாக, இந்த ஆண்டிதழில் ஆண்டுக்கு ஒரு சிற்றூர் என்று நான்கு பக்கம் ஒதுக்குவோம். போர்ட் டிக்சன், தெலுக் இந்தான், கோலா சிலாங்கூர், கேரித் தீவு என்று நம் முன்னோர் கால் பதித்த ஊர்கள் கரையோரமெங்கும் இருக்கின்றன. பத்து ஆண்டில் பத்து ஊர். அது ஒரு நூலாகிவிடும்.

இதற்குக் காலம் அதிகம் இல்லை. கட்டைமீது இரும்பு பதித்த தலைமுறை என்றோ போய்விட்டது. அவர்களின் பிள்ளைகளுக்கு இன்று எண்பது வயது. அவர்கள் தம் பெற்றோரிடம் கேட்ட பெயர்கள், ஊர்கள், பாட்டுகள், வசவுகள் எல்லாம் இன்னும் சில ஆண்டுகள்தாம் அவர்களிடம் இருக்கும். மாத்தாங் காட்டில் மரம் நடுகிறவர், தாம் வெட்டப்போவது அதையல்ல என்று தெரிந்தே நடுகிறார்; முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு வருகிறவருக்காக நடுகிறார். அப்படி ஒரு நடவைத்தான் நம் பெற்றோர் நம்மைத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தபோது செய்தார்கள். நமக்கு அடுத்து வருகிறவர்களுக்கு நாம் நட வேண்டியதும் அதுதான்.

தோழர்களே, அடுத்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது உங்கள் தாத்தா பாட்டியின் பக்கத்தில் அமருங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், எந்தத் தண்டவாளம் என்று கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். அடுத்த இதழுக்கான கட்டுரை உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே காத்திருக்கிறது.